கரையில் போட்ட உரம் தண்ணீருக்குள் என்ன செய்கிறது?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



போன கூட்டம் எப்படி முடிந்தது என்று உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சேமிப்புக் கணக்கு வாசிக்க ஆரம்பித்தோம். மீன்பிடிக்கும் குடும்பத்தில் இருந்து வந்த ஒரு அக்கா எழுந்து, "வலையை இழுத்தா மீனுக்குப் பதிலா பச்சைப்பாசிதான் வருது. கரையில நீங்க கொட்டுற உரம்தான் காரணம்" என்றார். கரையில் வெள்ளாமை செய்கிற இன்னொரு அக்கா விடவில்லை. "ஆத்துல வர்ற சாக்கடைய யாரும் கேக்க மாட்டீங்க. நாலு மாசம் பாடுபடுற எங்களத்தான் கேப்பீங்களா?" என்றார். அதற்கு மேல் பேச்சு வளர்ந்தது. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துகூடப் போடாமல் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். எட்டு வருஷமாக ஒரே பாயில் உட்கார்ந்து சேமித்தவர்கள் அன்றைக்கு இரண்டு பக்கமாகப் பிரிந்து நின்றதைப் பார்த்தபோது எங்களுக்கு மனசு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அதனால் இன்றைக்கு வேறு எந்தத் தலைப்பும் எடுக்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் நாங்கள் வேளாண்மைத் துறையில் கேட்டோம், மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டோம், புத்தகங்களையும் படித்தோம். தெரிந்துகொண்டதை உங்கள் முன் வைக்கிறோம். யார் குற்றவாளி என்று தீர்ப்பு சொல்ல வரவில்லை. என்ன நடக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். போன கோடையில் கரையோரக் குழுக்கள் டி.ஏ.பி. வாங்கக் கடன் கேட்டபோது, பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். மண் பரிசோதனை செய்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அணை நிலத்துக்குப் பட்டா இல்லை, வேறு இடத்தில் கடன் கேட்பதும் கஷ்டம், நம்ம பெண்கள் கந்துவட்டிக்குப் போகக்கூடாது என்று நினைத்தோம். நினைத்தது சரிதான். ஆனால் அந்த மண்ணுக்கு அந்த உரம் தேவையா என்று கேட்காமல் விட்டது தவறு.

நம்ம அணை எப்படிப்பட்டது?

மேட்டூர் அணை 1925-இல் கட்ட ஆரம்பித்து 1934-இல் முடிந்தது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நீர்மட்டம் 120 அடி. முழுதாக நிரம்பினால் ஏறக்குறைய 59 சதுர மைல் பரப்புக்குத் தண்ணீர் நிற்கும். இந்தத் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. டெல்டா பாசனத்துக்குத் திறந்துவிட்டால் இறங்கும். கர்நாடகத்தில் மழை பெய்தால் ஏறும். 2024 ஜூலை தொடக்கத்தில் 40 அடிக்குப் பக்கத்தில் இருந்த நீர்மட்டம், அதே ஜூலை 30-ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. ஒரே மாதத்தில் 80 அடி!

தண்ணீர் இறங்கும்போது பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகின்றன. அதைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நமக்குத் தெரிவது வேறு. பண்ணவாடி, கோட்டையூர், செட்டிப்பட்டி என்று கரை நெடுக, வண்டல் படிந்த நிலம் வெளியே வருகிறது. ஈரம் இருக்கும்போதே உழுது விதைத்துவிடுகிறோம். சோளம், மக்காச்சோளம், கம்பு, எள், நிலக்கடலை, காய்கறி என்று போடுகிறோம். தண்ணீர் ஏறுவதற்குள் அறுத்துவிட்டால் லாபம். முந்திக்கொண்டு தண்ணீர் வந்தால் எல்லாம் உள்ளே போய்விடும். இது சூதாட்டம் மாதிரிதான் என்று நீங்களே சொல்வீர்கள்.

இது ஒரு வருஷத்தில் கொஞ்ச மாதம் வயலாகவும், கொஞ்ச மாதம் ஏரி அடியாகவும் இருக்கிற நிலம். நம்ம பிரச்சினை இந்த நிலத்தில்தான் ஆரம்பிக்கிறது.

மணிச்சத்து என்றால் என்ன?

உர மூட்டையில் மூன்று எண்கள் இருக்கும் அல்லவா? முதல் எண் தழைச்சத்து, இரண்டாவது மணிச்சத்து, மூன்றாவது சாம்பல் சத்து. மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வேர் ஓடவும், பூ பிடிக்கவும், மணி கட்டவும் வேண்டும். நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பது இதே பாஸ்பரஸ்தான். இது விஷம் இல்லை. இது இல்லாமல் செடியும் இல்லை, மாடும் இல்லை, நாமும் இல்லை.

டி.ஏ.பி. மூட்டையில் 18-46 என்று அச்சிட்டிருப்பார்கள். 50 கிலோ மூட்டையில் மணிச்சத்துக் கணக்கில் 23 கிலோ இருக்கிறது என்று அர்த்தம். அதை வெறும் பாஸ்பரஸாகக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10 கிலோ வரும்.

இப்போது ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி. போடுகிறோம் என்று வையுங்கள். மண்ணுக்குள் போனது 10 கிலோ பாஸ்பரஸ். அதில் முதல் பயிர் எடுத்துக்கொள்வது சாதாரணமாக ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ அளவுதான். மீதி 8 கிலோ? தழைச்சத்தில் ஒரு பகுதி காற்றில் கலந்து போகும். மணிச்சத்து அப்படிப் போகாது. அது காற்றில் பறக்காத சத்து. மண்ணிலேயே உட்கார்ந்துவிடும். அடுத்த வருஷம் இன்னொரு மூட்டை போட்டால் அதன் மீதியும் சேரும். நாம் மாதம் மாதம் சேமிப்பு போடுகிற மாதிரி, நம்மை அறியாமலே மண்ணில் சேமிப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது.

மேட்டு நிலத்தில் இந்தச் சேமிப்பு நல்லதுதான். அடுத்த பயிருக்கு மெதுவாகக் கிடைக்கும். அணைக் கரையில் அந்தக் கணக்கிலிருந்து பணம் எடுப்பது நாம் மட்டும் இல்லை, தண்ணீரும் எடுக்கிறது.

தண்ணீர் ஏறினால் மண்ணில் என்ன நடக்கிறது?

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

செம்மண் ஏன் சிவப்பாக இருக்கிறது? அதில் இரும்புத் துரு இருப்பதால். இந்தத் துருதான் மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. நம்ம குழுவின் பணப்பெட்டி மாதிரி. காற்றுப் படும் வரைக்கும் பெட்டி பூட்டியிருக்கும். மண் காய்ந்து, காற்றோட்டமாக இருக்கும்போது மணிச்சத்து இரும்போடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். லேசான மழைக்குக் கரையாது.

இப்போது 20 அடி, 30 அடி தண்ணீர் மேலே ஏறி நிற்கிறது. மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் மீதமிருக்கிற பிராண வாயுவைக் கொஞ்ச நாளில் தின்று தீர்த்துவிடும். அதற்குப் பிறகு அவை மூச்சுக்கு இரும்புத் துருவைப் பயன்படுத்த ஆரம்பிக்கும். துரு கரைந்துவிடும். பெட்டியே கரைந்துவிட்டால் உள்ளே இருக்கிற பணம் என்ன ஆகும்? மணிச்சத்து விடுபட்டுத் தண்ணீரில் கலந்துவிடும்.

இதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். தண்ணீர் இறங்கின புதுசில் சேற்றை மண்வெட்டியால் வெட்டினால், மேலே செம்பழுப்பாகவும் உள்ளே சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ இருக்கும், நாற்றம் அடிக்கும். காற்று இல்லாமல் கிடந்த மண்ணின் அடையாளம் அது. நெல் வயலிலும் இதே வேலைதான் நடக்கிறது. தண்ணீர் கட்டின வயலில் மண்ணில் கிடக்கிற மணிச்சத்து கரைந்து நெல்லுக்குக் கிடைக்கிறது. வயலில் அதை நெல் எடுத்துக்கொள்ளும். அணையில் எடுத்துக்கொள்ள நெல் இல்லை. பாசிதான் இருக்கிறது.

இரண்டாவது காரணம், காய்ந்து நனைவது. மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் நிறையச் செத்துக் கிடக்கும். அவற்றின் உடம்பிலும் மணிச்சத்து இருக்கிறது. முதல் தண்ணீர் பட்டதும் அது ஒரே நேரத்தில் கரைந்து வெளியே வரும். முதல் மழைக்கு மண்வாசனை கிளம்புகிற மாதிரி, முதல் தண்ணீருக்குச் சத்து கிளம்பும். ஒரே மட்டத்தில் நிற்கிற குளத்தைவிட ஏறி இறங்குகிற அணைக் கரையில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

மூன்றாவது, நாம் விட்டுவிட்டு வருகிற தட்டையும் புல்லும். அறுத்தபின் நிற்கிற தாளும், மூழ்கிப்போன பயிரும், மேய்ந்த மாட்டின் சாணமும் தண்ணீருக்குள் அழுகும். அழுகும்போது அதில் இருக்கிற மணிச்சத்தும் வெளியே வரும். பிராண வாயுவும் குறையும். அது குறைந்தால் இரும்புப் பெட்டி இன்னும் சீக்கிரம் கரையும்.

நான்காவது, அலை. உழுது பொடியாக்கிய மண்ணைக் கரையில் அலை அடித்து இழுத்துப் போகும். மண்ணோடு ஒட்டின மணிச்சத்தும் கூடவே போகும்.

எல்லா மண்ணும் ஒரே மாதிரி என்று சொல்லவில்லை. சுண்ணாம்பு அதிகமுள்ள மண்ணில் மணிச்சத்தைச் சுண்ணாம்பு பிடித்துவைக்கும். அது இரும்பு மாதிரி இவ்வளவு லேசாக விடாது. அதனால்தான் ஒவ்வொரு கரை மண்ணையும் தனித்தனியாகப் பரிசோதிக்கச் சொல்கிறோம்.

பாசிக்கு என்ன வேண்டும்?

பாசிக்கு வெயில் வேண்டும், அது நம்மிடம் தாராளமாக இருக்கிறது. தழைச்சத்து வேண்டும், நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் அதைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்ளும். காற்றில் கிடைக்காதது மணிச்சத்துதான். அதனால் ஏரிகளில் பாசி எவ்வளவு வளரும் என்பதைப் பெரும்பாலும் மணிச்சத்துதான் முடிவு செய்கிறது. 1 கிலோ பாஸ்பரஸ் தண்ணீரில் கலந்தால், மற்ற வசதியும் சேர்ந்தால், 500 கிலோ வரைக்கும் ஈரப்பாசி வளர வாய்ப்பு உண்டு என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்கிறார்கள்.

நம்ம ஏக்கர் கணக்கைத் திரும்பப் பாருங்கள். மீதி நின்ற 8 கிலோவும் தண்ணீருக்குப் போகாது. பெரும்பகுதி மண்ணிலேயே இருக்கும். ஒரே ஒரு கிலோ போனால்கூட அரை டன் பாசிக்கு அது தீனி.

பாசி பச்சைப் பெயிண்ட் ஊற்றின மாதிரி மிதக்கும். பகலில் பிராண வாயு கொடுக்கும், இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விடியற்காலையில் மீன் வாயைப் பிளந்துகொண்டு மேலே வருகிறது. பாசி செத்து அழுகினால் நாற்றம் கிளம்பும், வீட்டில் உட்கார்ந்து சோறு தின்ன முடியாது. இந்த நாற்றத்தை நம்ம கரையோர ஊர்கள் பல முறை அனுபவித்திருக்கின்றன. அப்போதெல்லாம் நுண்ணுயிர்க் கரைசல் தெளிப்பார்கள். தெளித்தால் வாடை குறையலாம். மணிச்சத்து அங்கேயேதான் கிடக்கும். அடுத்த வெயிலுக்குத் திரும்பப் பாசி வரும்.

இன்னொரு விஷயம், தாய்மார்கள் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். நீலப்பச்சைப் பாசியில் சில வகைகள் கல்லீரலைக் கெடுக்கிற நஞ்சைச் சுரக்கும். எந்தப் பாசியில் நஞ்சு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. "காய்ச்சிக் குடிச்சா சரியாயிடும்" என்று நினைக்காதீர்கள். காய்ச்சினால் கிருமி சாகும், இந்த நஞ்சு போகாது. பச்சையாக மிதக்கிற இடத்தில் குடிக்க, சமைக்க, குழந்தைகளைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க வேண்டாம். ஆடு மாட்டையும் அந்த இடத்தில் தண்ணீர் காட்ட வேண்டாம். செத்து மிதக்கிற மீனைப் பொறுக்கிக் கருவாடு போடவும் வேண்டாம்.

அப்படியானால் எல்லாப் பழியும் நமக்கா?

இல்லை, சகோதரிகளே. போன கூட்டத்தில் அந்த அக்கா கேட்டது நியாயமான கேள்வி. காவிரி குடகிலிருந்து வருகிறது. வழியில் எத்தனையோ ஊர், எத்தனையோ வயல். பெங்களூரு நகரத்தின் ஒரு பகுதிக் கழிவு விருஷபாவதி, அர்க்காவதி வழியாக மேட்டூருக்கு மேலேயே காவிரியில் கலக்கிறது. மனிதக் கழிவிலும் மணிச்சத்து உண்டு, சில சோப்புத்தூளிலும் உண்டு. அணைக்குள் வருகிற மணிச்சத்தில் நம்ம கரை நிலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாமல், எல்லாம் கரை விவசாயியால்தான் என்று யார் சொன்னாலும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அதேசமயம், ஆற்றில் வருகிற கழிவை நம்மால் நாளைக்கே நிறுத்த முடியுமா? மனு கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். நம்ம கையில் இருப்பது நம்ம மூட்டை. கரையோரமாகக் கிளம்புகிற மணிச்சத்து கரையோரத்திலேயே பாசியாகும். வலை விரிப்பது அங்கேதான், துணி துவைப்பது அங்கேதான், பரிசல் கட்டுவது அங்கேதான். ஆகவே நம்ம பங்கைக் குறைத்தால் முதல் பலனும் நமக்குத்தான்.

இன்னொரு பயமும் இருக்கிறது. நிலம் அரசுக்குச் சொந்தம். உரத்தால் தண்ணீர் கெடுகிறது என்று பேச்சு பெரிதானால், கரையில் வெள்ளாமையே கூடாது என்று சொல்லிவிடலாம். சீனாவில் யாங்சி ஆற்றில் மூன்று பள்ளத்தாக்கு அணை என்று ஒன்று இருக்கிறது. அங்கே நீர்மட்டம் வருஷா வருஷம் 145 மீட்டருக்கும் 175 மீட்டருக்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய 350 சதுர கிலோமீட்டர் கரை நிலம் மூழ்கி மூழ்கி எழும்புகிறது. அங்கேயும் இதே மணிச்சத்துப் பிரச்சினைதான், கரை விவசாயத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். நிலமில்லாத நம்ம உறுப்பினர்களுக்கு இந்த நாலு மாத வெள்ளாமைதான் பள்ளிக்கூடச் செலவு, வைத்தியச் செலவு. அது போகக்கூடாது என்றால், நாம் பொறுப்பாகச் செய்கிறோம் என்று காட்ட வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

ஒன்று: மண் பரிசோதனை. தண்ணீர் இறங்கி, உழுவதற்கு முன்னால் மண் எடுக்க வேண்டும். கரையை மேல், நடு, கீழ் என்று மூன்று பட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் பத்து இடத்தில் எடுங்கள். ஆங்கில 'வி' வடிவத்தில் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டி, பக்கவாட்டில் ஒரே கனத்தில் மண்ணைச் சுரண்ட வேண்டும். சாணிக் குப்பை கிடந்த இடம், வரப்பு ஓரம் வேண்டாம். ஒரு பட்டை மண்ணை மொத்தமாகக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கை வைத்துக்கொண்டு மீதியைத் தள்ளுங்கள். அரைக் கிலோ வரும் வரைக்கும் இப்படிச் செய்து, நிழலில் உலர்த்திப் பையில் கட்டிப் பெயர் எழுதுங்கள்.

முடிவு எப்படிப் பார்ப்பது? ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழே இருந்தால் மணிச்சத்து குறைவு. 11 முதல் 22 வரை நடுத்தரம். 22-க்கு மேலே அதிகம். ஏக்கர் கணக்கில் நாலரை கிலோவுக்குக் கீழே குறைவு, 9 கிலோவுக்கு மேலே அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் என்று வந்த நிலத்தில் இந்த வருஷம் டி.ஏ.பி.யும் காம்ப்ளக்ஸும் வேண்டாம். தழைச்சத்தும் சாம்பல் சத்தும் அட்டையில் சொன்ன அளவு போதும். 2024-இல் ஒரு மூட்டை டி.ஏ.பி. 1350 ரூபாய். இரண்டு மூட்டை மிச்சமானால் 2700 ரூபாய் கடன் குறைவு. வண்டல் மண்ணுக்குத் தண்ணீரே சத்து கொண்டுவந்து போட்டிருக்கும்போது, நாம் ஏன் வட்டி கட்டி வாங்கிப் போட வேண்டும்?

இரண்டு: போடுவதாக இருந்தால் தூவ வேண்டாம். விதைக்குப் பக்கத்தில், மண்ணுக்குள் வைத்து மூடுங்கள். கம்மியாகப் போட்டாலும் வேருக்குக் கிடைக்கும். பாஸ்போபாக்டீரியாவை விதையில் கலந்து விதைத்தால், மண்ணில் பூட்டிக் கிடக்கிற மணிச்சத்தில் கொஞ்சம் பயிருக்குக் கிடைக்கும்.

மூன்று: கீழ்ப் பட்டைக்கு மணிச்சத்து உரமே வேண்டாம். தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான். கடைசி வரை காயாமல் இருப்பதும் அங்கேதான். குறைந்த நாளில் வருகிற உளுந்து, தட்டைப்பயறு, கீரை போடலாம். தண்ணீர் ஏற ஒரு மாதம் இருக்கும்போது எந்தப் பட்டையிலும் உரம் வைக்க வேண்டாம். உழவு சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும்.

நான்கு: வயலைச் சுத்தமாகக் காலி செய்யுங்கள். அறுவடை என்பது மணிச்சத்தை வெளியே எடுத்துக்கொண்டு வருகிற வேலை. 1 டன் மக்காச்சோளத் தானியத்தில் ஏறக்குறைய 3 கிலோ பாஸ்பரஸ் வெளியே வந்துவிடுகிறது. தட்டையையும் எடுத்துக்கொண்டு வந்தால் இன்னும் கொஞ்சம் வரும். மாட்டுக்குத் தீவனமும் ஆச்சு. தண்ணீருக்குள் விட்டால் அது பாசிக்குத் தீவனம். தண்ணீர் வேகமாக ஏறி அறுக்க முடியாத நிலை வந்தால், பச்சையாகவே அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். இந்த வேலைக்கு மற்ற குழுக்களும் கை கொடுக்க வேண்டும்.

ஐந்து: ஓரத்தில் அருகம்புல் விடுங்கள். சீனாவில் அந்த அணைக் கரையில் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தும் பிழைத்து வருவது எது தெரியுமா? நாம் பிள்ளையாருக்கு வைக்கிற அருகம்புல்தான். வயலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் சில அடி அகலத்துக்கு அருகம்புல் பட்டை இருந்தால் மண் அரிப்பு குறையும். ஆனால் தண்ணீர் ஏறும் முன் அதையும் அறுத்துவிட வேண்டும். வேர் இருந்தால் போதும், திரும்பத் துளிர்க்கும்.

ஆறு: பட்டி போடுவதும், எருக்குழி வெட்டுவதும் முழு நீர்மட்டக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். சாணத்திலும் மணிச்சத்து உண்டு என்பதை மறக்கக் கூடாது.

"இவ்வளவும் செஞ்சா அடுத்த வருஷமே பாசி போயிடுமா?" என்று கேட்பீர்கள். போகாது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம். பல வருஷமாக மண்ணிலும் சேற்றிலும் சேர்ந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். வெளிநாட்டு ஏரிகளிலும் மணிச்சத்து வருவதை நிறுத்தின பிறகு தெளிவதற்குப் பல வருஷம் ஆகியிருக்கிறது. பழைய கடன் ஒரே தவணையில் அடையாது. புதுக்கடன் வாங்குவதை நிறுத்தினால்தான் பழையது அடைய ஆரம்பிக்கும். இது நமக்குத் தெரியாத கணக்கா?

கூட்டமைப்பின் முன் வைக்கும் தீர்மானங்கள்

எங்கள் பக்கத்திலிருந்து நான்கு விஷயங்களை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம். கரை நிலத்துக்கு உரக் கடன் கேட்கும் உறுப்பினர் மண் பரிசோதனை முடிவைக் கடன் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பரிந்துரைக் கடிதம் எழுதும் நாங்களும் அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டோம். மண் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேர் பொறுப்பெடுக்க வேண்டும், ஒருவர் வெள்ளாமை செய்யும் குழுவிலிருந்து, இன்னொருவர் மீன்பிடிக்கும் குழுவிலிருந்து. இருவரும் சேர்ந்தே போக வேண்டும். மூன்றாவது, தண்ணீர் பச்சையாக மாறுகிற தேதியையும் இடத்தையும் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். நாளைக்கு அதிகாரிகளிடம் பேசப் போகும்போது நம்ம கையில் இருக்கிற ஆதாரம் அதுதான். நான்காவது, மேலே இருந்து வருகிற கழிவு பற்றியும், குடிநீர்ப் பரிசோதனை பற்றியும் கூட்டமைப்பின் பெயரில் மாவட்ட நிர்வாகத்துக்கு மனு. அதில் இரண்டு பக்கத்துப் பெண்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

முடிக்கும் முன் ஒன்று. போன வாரம் ஒரு கரையோர ஊருக்குப் போயிருந்தோம். போன கூட்டத்தில் உரத்தைப் பற்றிக் கோபமாகப் பேசின மீன்கார அக்கா வீட்டுக்கும், பதிலுக்குக் கோபப்பட்ட அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வேலிதான். ஒருவர் கம்பு கொடுப்பார், இன்னொருவர் மீன் கொடுப்பார், காலங்காலமாக அப்படித்தான். மூன்று மாதமாக வேலியைத் தாண்டி எதுவும் போகவில்லை. இருவரும் இன்றைக்கு இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். பெயர் சொல்ல மாட்டோம். முதல் மண் மாதிரியை அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

ஒரே தண்ணீரை நம்பித்தான் நாம் இருக்கிறோம். அது ஏறினால் ஒருவருக்குப் பிழைப்பு, இறங்கினால் இன்னொருவருக்குப் பிழைப்பு. ஏறினாலும் இறங்கினாலும் சுத்தமாக இருந்தால்தான் இருவருக்கும் பிழைப்பு.

கேள்விகள் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேளுங்கள், பேசுவோம்.

(உரைக்குப் பின் ஒரு மணி நேரம் கலந்துரையாடல் நடந்தது. நான்கு தீர்மானங்களும் ஏற்கப்பட்டு, உறுப்பினர்கள் அனைவரும் கையெழுத்திட்டனர்.)